மணிக்கு 8 வெள்ளி 65 காசு

2023 அக்டோபரில் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஜொகூர் பாருவில் எனக்குக் கிடைத்த அறையின் வாடகை 550 ரிங்கிட். லார்கின் பக்கம் ஒரு தாமான் வீட்டின் பின்னறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு காற்றாடி, சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு. கிட்டத்தட்ட இதே அளவு அறைக்கு உட்லண்ட்ஸில் 950 வெள்ளி கேட்டார்கள். சிங்கப்பூர் வெள்ளி. அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட் 40 காசுக்குக் குறையாமல் கிடைத்தது. பெருக்கிப் பார்த்தால் 3,230 ரிங்கிட். பினாங்கில் நான் வாங்கிய முதல் சம்பளமே 2,900 ரிங்கிட்தான். தலை சாய்க்க ஒரு கட்டிலுக்கு அதைவிட அதிகமா! யோசிக்கவே இல்லை, ஜொகூர் பாருவை எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ரிங்கிட்டும் வெள்ளிதான், சிங்கப்பூர்க் காசும் வெள்ளிதான். "ரெண்டும் வெள்ளின்னா ஏன் இப்படி வித்தியாசம்?" என்று கேட்டார். 1973 வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்றுதான் மாறின. அம்மாவின் கேள்வியைத் தப்பு சொல்ல முடியாது.

நான் கெடாக்காரி. சுங்கை பட்டாணியில் வளர்ந்தேன். நிபோங் திபாலில் இருக்கும் யுஎஸ்எம் பொறியியல் வளாகத்தில் மின்னணுவியல் படித்தேன். பிறகு மூன்று ஆண்டு பாயான் லெப்பாஸில் வேலை. தொழிற்சாலை பஸ் விடிகாலை ஐந்து மணிக்கே தாமான் வாசலில் வந்து நிற்கும். ஏறியதும் தூங்கிவிடுவேன். பதிமூன்றரை கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தையே தூக்கத்தில் கடந்தவளுக்கு ஒரு கிலோமீட்டர் ஜொகூர் பாலம் என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன்.

பாலம் விஷயமே இல்லை. அதன் இரண்டு முனைகளும்தான் விஷயம்.

என் அறையிலிருந்து உட்லண்ட்ஸில் இருக்கும் சில்லுத் தொழிற்சாலைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். எட்டு மணி வேலைக்கு ஐந்து பத்துக்கு மோட்டாரை எடுப்பேன். ஐந்தரைக்கே மோட்டார் தடத்தில் ஆயிரக்கணக்கில் வண்டிகள் நிற்கும். ஒரு கால் தரையில், ஒரு கை பிரேக்கில். வெளியேறுவதற்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, நுழைவதற்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை. முன்னால் இருப்பவரின் புகைக்குழாய் அனல் முழங்காலில் அடிக்கும். மழை நாளில் மழைச்சட்டைக்குள் வேர்வை, வெளியே தண்ணீர். சிங்கப்பூர்ப் பக்கம் கட்டைவிரலை வைத்தால் ஈரத்தில் பதியாது. பின்னால் நிற்கிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். சட்டைக்குள் கையை விட்டு விரலைத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கைக்குட்டையை நெகிழிப் பையில் போட்டு வைத்திருந்தேன். நல்ல நாளில் ஆறே முக்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பேன். மீதி நேரம் தொழிற்சாலை உணவகத்தில் மேசையில் தலை வைத்துத் தூக்கம். மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வீடு சேர எட்டு. கணக்குப் பார்த்தால் ஒரு நாளில் மூன்றரை மணி நேரம் இதற்கே போனது.

அந்த வீட்டில் முன்னறையில் இருந்தவர் தைப்பிங்கிலிருந்து வந்த ஓர் அக்கா. ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்து ஆண்டுக்கும் மேலாக வேலை பார்க்கிறார். 2020 மார்ச் 16 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தார். 18-ஆம் தேதியிலிருந்து எல்லை மூடல். மறுநாள் மாலைக்குள் அக்கா ஒரு துணிப்பையோடு பாலத்தைக் கடந்து போய்விட்டார். இரண்டு வாரம் என்றுதான் சொன்னார்கள். நான்கு வயது மகளை அவருடைய அம்மாவிடம் விட்டிருந்தார். நவம்பர் 2021 இறுதியில் தரைவழி திறந்து, அவருக்கு பஸ் டிக்கெட் கிடைத்துத் திரும்பியபோது டிசம்பர். மகள் முதலில் பாட்டியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். அந்த இருபத்தொரு மாதமும் ஜொகூர் பாரு அறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தார், சாமான் உள்ளே இருந்ததே.

"பாலம் தொறந்து இருக்கற வரைக்கும்தான்மா இது மலிவு வீடு" என்றார் ஒருநாள், மீன் கழுவிக்கொண்டே.

நான் எக்செல் கோப்பு போடும் ஜாதி. வேலையே அதுதான்: எந்த இயந்திரத்தில் எத்தனை நிமிடம் வீணாகிறது, எதை மாற்றினால் எவ்வளவு மிச்சம். சில மாதம் கழித்து என்னையே அந்தக் கோப்புக்குள் போட்டுப் பார்த்தேன். ஜொகூர் பாருவில் வாடகை 550, தண்ணீர் மின்சாரம் 70, பெட்ரோலும் மோட்டார் சர்வீசும் 250, ஆக 870 ரிங்கிட். சிங்கப்பூர்க் காசில் 256 வெள்ளி. மோட்டார் உள்ளே நுழைய நாளுக்கு 4 வெள்ளி, 22 நாளுக்கு 88. மொத்தம் 344. சிங்கப்பூரில் அறை 950, பஸ்ஸுக்கும் எம்ஆர்டிக்கும் 60, மொத்தம் 1,010. வித்தியாசம் 666 வெள்ளி, அதாவது 2,260 ரிங்கிட். மாதம் வீட்டுக்கு நான் அனுப்பும் 1,500-ஐவிட அதிகம்.

அடுத்த வரியில் நேரத்தைப் போட்டேன். 22 நாள், நாளுக்கு மூன்றரை மணி, 77 மணி நேரம். 666-ஐ 77-ஆல் வகுத்தால் 8 வெள்ளி 65 காசு. பாலத்தில் நிற்பதற்கு எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் கூலி அது. தொழிற்சாலை என் ஒரு மணி நேரத்துக்கு 22 வெள்ளி போல் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இது நஷ்டம். ஆனால் அந்த 77 மணி நேரத்தை யாரும் என்னிடமிருந்து 22 வெள்ளிக்கு வாங்கிக்கொள்ளப் போவதில்லை. தூங்கத்தான் போகிறேன். தூக்கத்துக்கு என்ன விலை போடுவது?

விலை கொஞ்ச நாளிலேயே தெரிந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு விடிகாலை, வரிசையில் நின்றபடியே தூங்கிப்போய் முன்னால் நின்ற மோட்டாரில் இடித்தேன். வேகம் இல்லை, யாருக்கும் அடியில்லை. அந்த மலாய் பாக்சிக் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. தன் முகக்கவசத்தை இறக்கி, "தூங்கிட்டு வா, டிக்" என்று மலாயில் சொன்னார். எங்கே தூங்கிவிட்டு, எங்கே வருவது? அன்றைக்கு இரவே சிங்கப்பூரில் அறை தேட ஆரம்பித்தேன்.

இந்தத் தேடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த எக்செல் கோப்பிலும் இதற்கு இடம் கிடையாது. வீட்டு வாடகை விளம்பரத்தில் 850 என்று போட்டிருக்கும். வாட்ஸப்பில் கேட்டால் முதல் கேள்வி வேலை என்ன, இரண்டாவது கேள்வி இனம் என்ன. "மலேசியன் இந்தியன்" என்று அனுப்புவேன். இரண்டு நீலக் கோடு விழும். அவ்வளவுதான். சிலர் மரியாதையாக, வீட்டுக்காரர் வேறு ஆள் பார்த்துவிட்டார் என்பார்கள். விளம்பரம் அடுத்த வாரமும் அப்படியே இருக்கும். ஒரு முகவர் மட்டும் நேராகக் கேட்டார்: "கறி சமைப்பீர்களா?" பதினேழு பேருக்கு எழுதினேன். வந்து பார்க்கச் சொன்னவர்கள் நான்கு பேர். அந்த நான்கிலும் விலை குறைந்தது 950. ஆக 850 வெள்ளி அறை என்று ஒன்று ஊரில் இருந்தது, எனக்கு இல்லை. வாடகை விலைப்பட்டியல் எல்லாருக்கும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் மாதக்கணக்கில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரை மட்டும் சொல்லக்கூடாது, கோலாலம்பூரில் அறை தேடிய என் தோழிகளிடம் இதே கதை இருக்கிறது, மொழி மட்டும் வேறு.

கடைசியில் மார்சிலிங்கில் ஒரு தமிழ் ஆன்டியின் வீவக வீட்டில் அறை கிடைத்தது. நாலறை வீடு, அறுபத்தெட்டு வயது, கணவர் இல்லை, மகன் குடும்பத்தோடு பொங்கோலில். மாதம் 950, குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். அது வீவக விதி. மற்ற விதிகள் ஆன்டியுடையவை. இரவு எட்டு மணிக்குப் பிறகு அடுப்பு கிடையாது. தாளிக்கக்கூடாது. தண்ணீர் கொதிக்க வைக்கலாம், மேகி போடலாம், முட்டை அவிக்கலாம். விருந்தாளி வரலாம், தங்கக்கூடாது.

"ஆன்டி, நீங்களே தாளிப்பீங்கதானே?" என்று கேட்டேன்.

"நான் தாளிப்பேன். ரெண்டு பேர் தாளிச்சா வீடு தாங்காது" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 950 வெள்ளியில்தான் அவர் மருந்து வாங்குகிறார், மகனிடம் கேட்காமல் வாழ்கிறார். "சொந்த வீடு இருக்கே ஆன்டி, உங்களுக்கென்ன" என்று ஒருமுறை சொன்னதற்குச் சிரித்தார். "எது சொந்தம்? 99 வருஷக் குத்தகை. முக்கால்வாசி எனக்கு, மீதி கவர்மெண்டுக்கு." தெரிந்துதான் பேசுகிறார்.

அந்தப் பதினோரு மாதத்தில் நல்லது எதுவும் இல்லை என்று எழுதினால் பொய். வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டில் இருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் கையில் எதுவும் இல்லாமல் நடப்பது என்றால் என்ன என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தின் தமிழ் அடுக்கு வாரம் மூன்று நாள் என் இடமானது. படித்து முடித்த பிறகு ஒரு புத்தகத்தையும் திறக்காதவள், மறுபடி நாவல் படித்தேன். முதுகுவலி போனது. மாதம் 666 வெள்ளிக்கு இது மோசமான வியாபாரம் இல்லை என்றே நினைத்தேன். நாக்கு மட்டும் செத்துப்போயிருந்தது. உணவங்காடி நிலையத்தில் இரண்டு வேளையும் சாப்பிட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

2025 ஜனவரியில் பொங்கலுக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவருக்கும் முதல் கடப்பிதழ். சுங்கை பட்டாணியிலிருந்து இரவு பஸ் பத்து மணி நேரம். தேக்காவுக்குக் கூட்டிப் போனேன், வீரமாகாளியம்மன் கோவிலில் அம்மா நெடுநேரம் நின்றார். மாலையில் மார்சிலிங் வந்தோம். ஆன்டி தேநீர் போட்டு, முறுக்கு வைத்து, அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினார். அம்மா என் அறையைப் பார்த்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அம்மாவின் கண் அங்கே போனதை நான் பார்த்தேன். ஆன்டியும் பார்த்தார் என்று நினைக்கிறேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. எட்டரைக்கு அப்பாவே எழுந்து, "சரி, நேரமாச்சு" என்றார்.

ஜொகூர் பாருவில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை போட்டிருந்தேன், இரவுக்கு 120 ரிங்கிட். நானும் கூடவே போனேன். 950 பஸ் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா தூங்கிவிட்டார். இருட்டில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்:

"தோட்டத்துலயும் இப்படித்தான். ஒன் மாமா வந்து ரெண்டு நாள் தங்கணும்னா ஆபிஸ்ல கிராணிகிட்ட சொல்லணும். சொல்லாம தங்குனா மண்டோர் வந்து கேப்பாரு, யாரு இதுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு கோழிய அடிச்சு மண்டோரையும் ஒக்கார வெச்சிருவோம்."

அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பிறந்தது சுங்கை பட்டாணிக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே பால் வெட்டினார், தாத்தாவும் வெட்டினார். லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. அந்த வீட்டின் விலை அப்பாவின் வேலைதான். 2004-இல் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. அப்பாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. வேலை போன மாதத்திலேயே வீடும் போனது. கடிதத்தில் இரண்டும் ஒரே தாளில் வந்திருந்தன. எனக்கு ஏழு வயது. லாரியில் அலமாரியை ஏற்றியபோது அதன் கண்ணாடி உடைந்தது, அதற்கு அம்மா அழுதார். அலமாரிக் கண்ணாடிக்காக அழுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு அப்பா சேமநிதியில் இருந்ததை எடுத்து, வங்கியில் கடன் வாங்கி, 35,000 ரிங்கிட்டுக்கு மலிவு விலை அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கினார். நாலாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். அன்றைக்கு அது பெரிய காரியம், எங்கள் குடும்பத்திலேயே பத்திரம் வைத்திருந்த முதல் ஆள் அப்பா. இன்றைக்கு அம்மாவின் முழங்கால் அந்த நாலு மாடியை ஏற மறுக்கிறது. காலையில் இறங்கினால் மாலைதான் ஏறுகிறார். நடுவில் கீழே மளிகைக் கடைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அந்த ஹோட்டல் இரவுக்குப் பிறகு என் எக்செல் கோப்பில் "விருந்தாளி" என்று ஒரு வரி சேர்த்தேன். எதிரே 120 என்று போட்டேன். சரியான எண் இல்லை என்று தெரியும். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் எக்செல் அதைப் பூஜ்ஜியமாகத்தான் கூட்டும். ஊர் மாறுகிறவர்களுக்கு என்று செலவுக் கணக்குகள் எத்தனையோ கிடைக்கின்றன. வாடகை, மின்சாரம், ஒரு வேளைச் சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாம் இருக்கும். அம்மா வந்தால் பாய் விரிக்கலாமா என்று ஒரு வரி நான் எதிலும் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஆன்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் கண் கலங்கியது, முன்பணத்தையும் ஒரு காசு பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். தைப்பிங் அக்காவும் நானும் சேர்ந்து ஜொகூர் பாருவிலேயே ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்தோம். மூன்று அறை, 1,400 ரிங்கிட், ஆளுக்கு 700. மறுபடியும் மோட்டார், மறுபடியும் கைக்குட்டை. மறுபடியும் 77 மணி நேரம். கோப்பைத் திறந்தால் நான் பின்னால் போயிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது. பள்ளி விடுமுறைக்கு அக்காவின் மகள் வந்து மூன்றாவது அறையில் தங்குகிறாள், ஒன்பது வயதுப் பெண், வந்ததும் வைஃபை கடவுச்சொல்தான் கேட்பாள். என் அப்பா அம்மா ஜூனில் வந்து இரண்டு வாரம் இருந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது என்று அம்மா காரணமே இல்லாமல் நாளைக்கு நாலு தடவை கீழே போய் வந்தார்.

இதுவும் நிலைக்காது போலிருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை கட்டி முடிக்கிறார்கள். ஐந்து நிமிடப் பயணம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றும் என்கிறார்கள். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், இறங்கி மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2026 இறுதியில் ஓடும் என்று எல்லாரும் காத்திருக்கிறோம். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. வீட்டுக்காரர் செய்தி படிக்கிறவர். அடுத்த ஆண்டு வாடகை 1,700 என்று இப்போதே சொல்லிவிட்டார். என் 77 மணி நேரத்தில் பாதியாவது அந்த ரயில் திருப்பித் தரும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அதற்கான விலையை அவர் ரயில் வருவதற்கு முன்பே கேட்கிறார். கோபப்படலாம்தான். ஆனால் அவர் இடத்தில் நானும் எக்செல் போட்டிருப்பேன்.

இதற்கு நடுவில் கூலிமிலிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. 4,800 ரிங்கிட். இப்போது வாங்கும் 4,200 வெள்ளியை மாற்றினால் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நான் சிங்கப்பூர்க் குடிமகளோ நிரந்தரவாசியோ இல்லை, அதனால் எனக்கு அங்கே மசேநிதி கிடையாது. வாங்குவதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கூலிமில் முதலாளி மாதம் 13 விழுக்காடு, 624 ரிங்கிட், சேமநிதியில் போடுவார். அறை வாடகை இல்லை, பாலம் இல்லை. சுங்கை பட்டாணியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். எப்படிக் கூட்டினாலும் சிங்கப்பூர்தான் மேலே நிற்கிறது. ஆனால் வித்தியாசம் நான் பயந்த அளவு இல்லை.

எல்லாம் அம்மாவின் முழங்காலில் வந்து நிற்கிறது. தரை வீடு ஒன்று வேண்டும். அம்மா பார்த்து வைத்திருப்பது ஒற்றை மாடித் தொடர்வீடு, 280,000 ரிங்கிட். பத்து விழுக்காடு கையிலிருந்து போட்டு மீதி 252,000-ஐ 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுக்கு எடுத்தால் மாதம் 1,116 ரிங்கிட். கட்டி முடிக்கும்போது எனக்கு அறுபத்து மூன்று வயது, கட்டிய தொகை 468,000-க்கும் மேல். அது கூடப் பரவாயில்லை. அந்தத் தாமான் இருக்கும் இடம்தான் சிக்கல். அது எங்கள் தோட்டம். லயம் இருந்த இடத்தில்தான் மூன்றாவது, நான்காவது சாலைகள் ஓடுகின்றன.

அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. "தெரிஞ்ச எடம், கோயிலும் அங்கதான் இருக்கு" என்கிறார். அப்பாதான் முதலில் பேச்சையே எடுக்க விடவில்லை. "அந்த மண்ணுல இருவத்தஞ்சு வருஷம் பால் வெட்டுனேன். இப்ப அதுலயே ஒரு துண்ட நீ காசு குடுத்து வாங்கணுமா?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான் வேறு தாமான்களும் தேடினேன். கோவில் பக்கத்தில், கிளினிக் பக்கத்தில், படி இல்லாமல், இந்த விலையில் வேறு அகப்படவில்லை.

நேற்று மாலை வரிசையில் நிற்கும்போது அப்பாவிடமிருந்து வாட்ஸப்பில் குரல்பதிவு வந்திருந்தது. தலைக்கவசத்துக்குள் கைப்பேசியைச் செருகிக் கேட்டேன். யாரிடமும் சொல்லாமல் மோட்டார் எடுத்துக்கொண்டு போய் வீட்டைப் பார்த்திருக்கிறார். பின்னால் காற்று சத்தம், யாரோ ஒரு பிள்ளை சைக்கிள் மணி அடிக்கும் சத்தம்.

"வீடு பரவால்ல. கூர ஒழுகல. தண்ணி ஓட்டம் நல்லா இருக்கு, கொழா எல்லாம் தொறந்து பாத்தேன். அடுப்படி கொஞ்சம் சின்னதுதான், ஒங்கம்மா ஏதாச்சும் சொல்லுவா. முன்ன பெரட்டு எடுக்கற எடத்துல ஒரு தூங்குமூஞ்சி மரம் நிக்கும்ல, ஒனக்கு ஞாபகம் இருக்காது, அத வெட்டல. விளையாட்டுத் தெடல்ல விட்டு வெச்சிருக்கான்."

வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகவர் 2 விழுக்காடு முன்பணம் கேட்கிறார், 5,600 ரிங்கிட், வெள்ளிக்கிழமைக்குள். கூலிம்காரர்களுக்கும் அதே வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். இன்று புதன்.